தூய ஆற்றல்: அரசும் சந்தையும் – காவிரிப் படுகையிலிருந்து ஒரு நோக்கு

அரசா, சந்தையா என்னும் வாதம் நம் இறையியல் கல்லூரி வகுப்புகளுக்குப் புதியதன்று. சமுதாயப் பகுப்பாய்வுப் பாடம் தொடங்கிய சில நாள்களுக்குள் மாணவர் இரு அணிகளாகப் பிரிந்துவிடுவர். தனியார் இலாபத்தையே நாடுவதால் பொதுநலத்தைக் காக்க அரசு ஒன்றே தகுதியுடையது என்பர் ஓரணியினர். அரசு தொட்ட தொழில் செலவில் பெருகி விளைவில் சுருங்கும் என்பர் மற்ற அணியினர். காற்று, வெயில், உயிர்ப்பொருள் ஆகியவற்றிலிருந்து மின்சாரம் பெறுவது பற்றிய கொள்கை விவாதத்திலும் இவ்விரு குரல்களே ஒலிக்கின்றன. இவற்றுள் எது சரி என்று கோட்பாட்டளவில் தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. தமிழ்நாட்டில், சிறப்பாகக் கும்பகோணத்தைச் சூழ்ந்த காவிரிப் படுகையில், நடந்தவை எவை என்று பார்த்து, அவற்றிலிருந்து ஒரு கருத்தை முன்வைக்க விரும்புகிறேன். பம்புசெட், மின்வெட்டு, மீத்தேன் என்பன நம் கிராமச் சபைகளில் ஆராதனை முடிந்து வெளியே வருவோர் பேசும் பொருள்கள். அவற்றைப் பொருளறிந்து கேட்கும் கடமை ஆயருக்கு உண்டு.

முதலில் ஓர் அடிப்படை வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நிலக்கரி மின்சாரத்தில் புகை உண்டு, காற்று மின்சாரத்தில் புகை இல்லை என்பதை எல்லாரும் அறிவர். கணக்கேட்டில் காணப்படும் வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. அனல்மின் நிலையம் நாள்தோறும் நிலக்கரி வாங்கியாக வேண்டும். விலை கட்டுப்படியாகாவிடில் உலையை அணைத்துச் செலவைக் குறைக்கலாம். காற்றாலைக்கு எரிபொருட் செலவே இல்லை. கோபுரம், இறக்கை, மின்னாக்கி, நிலம், கம்பி ஆகிய எல்லாவற்றுக்கும் முதலிலேயே பணத்தைப் போட்டுவிட்டு, பின்னர் 20 அல்லது 25 ஆண்டுகள் காற்று அடிக்க அடிக்க அதனை மீட்க வேண்டும். அப்பணமும் பெரும்பாலும் கடனாகப் பெற்றதே. ரூ. 100 கடனை 25 ஆண்டுகளில் சமத் தவணைகளாகத் தீர்ப்பதாகக் கொள்வோம். வட்டி 8 விழுக்காடாயின் ஆண்டுத் தவணை ஏறத்தாழ ரூ. 9.40, 12 விழுக்காடாயின் ஏறத்தாழ ரூ. 12.75. அதே காற்றாலை, அதே காற்று. ஆயினும் மின்சாரத்தின் அடக்கவிலை மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக உயர்ந்துவிடுகிறது. வங்கி எப்போது வட்டியை உயர்த்தும்? மின்சாரத்தை வாங்குவோர் உரிய காலத்தில் பணம் தருவாரா, இன்றுள்ள விதி நாளை மாறுமா என்ற ஐயம் எழும்போது உயர்த்தும். ஆகவே தூய ஆற்றலின் விலையில் பெரும்பகுதி, கொடுத்த வாக்கின்மேல் வைக்கும் நம்பிக்கையின் விலை எனலாம். இக்கட்டுரையில் நான் சொல்லவிருப்பதன் சாரமும் இதுவே.

சந்தையை ஆதரிப்போரின் வாதத்தில் பொருளுண்டு என்பதை நாம் மறுத்தலாகாது. ஆஸ்திரியப் பொருளியலாளர் ஹாயக் 1945இல் எழுதிய கட்டுரை ஒன்றில், எப்பொருள் எங்கே தேவைப்படுகிறது என்ற அறிவு எண்ணற்ற மக்களிடையே சிதறிக் கிடக்கிறது என்றும், எந்த அலுவலகமும் அதனை முழுவதும் திரட்ட இயலாது என்றும், விலை என்னும் கருவியே அதனைத் திரட்டித் தருகிறது என்றும் வாதிட்டார். இதற்கு நம் பகுதியிலேயே எடுத்துக்காட்டு உண்டு. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. ஒரு காலத்தில் அரிசி ஆலைகளின் பின்புறம் மலையாகக் குவிந்து, எடுத்துச் சென்றால் போதும் என்னும் நிலையில் இருந்த பொருள் அது. ஆலைகளே நெல் அவிக்கும் கொதிகலனில் அதை எரிக்கத் தொடங்கின. செங்கல் சூளைகள் வாங்கின. பின்னர் உயிர்ப்பொருள் மின்நிலையங்களும் வாங்கின. எந்தத் திட்டக்குழுவும் ஆணையிடவில்லை. விலை ஏற ஏறக் குப்பை சரக்காயிற்று. ஆயின் இதற்கு மறுபக்கமும் உண்டு. உமியடுப்பில் சமைத்துவந்த ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிபொருள் இல்லாமற்போயிற்று. உமிச்சாம்பல் பறந்து அயல்வீட்டுக் கூரையிலும் துணியிலும் படிவதற்கு விற்பவர் கணக்கிலும் இடமில்லை, வாங்குபவர் கணக்கிலும் இடமில்லை. இத்தகைய கணக்கில் வராச் செலவைத்தான் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பிகூ 1920இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்து, அதனை விலைக்குள் கொண்டுவருவது அரசின் வேலை என்றார். நிலக்கரிப் புகையைப் பற்றிய இக்கால விவாதம் முழுவதும் அவ்விதையிலிருந்து முளைத்ததே.

காற்றும் வரிச்சலுகையும்

தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் வரலாற்றைத் தனியார் முயற்சியின் வெற்றி என்று சிலர் எழுதுகின்றனர். அரசின் வெற்றி என்று வேறு சிலர் எழுதுகின்றனர். நடந்ததை வரிசையாக நோக்கின் இரண்டும் பாதி உண்மையாகவே தோன்றும்.

காற்றாலை நிறுவுமுன் காற்று எங்கே, எவ்வளவு வேகத்தில், ஆண்டில் எத்தனை நாள் வீசுகிறது என்று தெரிய வேண்டும். இதனை அளக்க எந்த வணிகரும் முன்வரவில்லை; அளந்தவர் அரசு ஊழியர். பீர்மேட்டில் சிரியன் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் 1918இல் பிறந்த அன்னா மணி என்னும் அம்மையார், இந்திய வானிலைத் துறையில் பணியாற்றி, வெயிலையும் காற்றையும் பற்றிய அளவீடுகளைத் தொகுத்து 1980களில் நூல்களாக வெளியிட்டார். பணி ஓய்வுக்குப் பின்னரும் நாடெங்கும் காற்றளக்கும் பணியை நடத்தினார். இன்று காற்றாலை முதலாளிகளுக்குக்கூட அவர் பெயர் தெரிவதில்லை. பின்னர் 1986இல் தூத்துக்குடிக் கடற்கரையில் தமிழ்நாடு மின்சார வாரியம் மைய அரசின் உதவியுடன் முதல் மாதிரிக் காற்றாலைகளை நிறுவிற்று. 1993 வரை வாரியம் நிறுவியவை 120. அவற்றின் மொத்தத் திறன் ஏறத்தாழ 19 மெகாவாட். அளவில் சிறியதாயினும் ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் ஆகிய கணவாய்களில் காற்று பொய்க்காது என்பதை உலகுக்குக் காட்ட அது போதுமானதாயிற்று.

அதன் பின்னரே தனியார் வந்தனர். அவர்களை அழைத்ததும் ஓர் அரசு விதிதான். காற்றாலையில் போட்ட முதல் முழுவதையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழித்து வருமான வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று 1990களில் மைய அரசு இசைந்தது. கோயம்புத்தூர், திருப்பூர்ப் பகுதி நூற்பாலை முதலாளிகளுக்கு இது இரட்டை நன்மை: வரி குறையும், ஆலைக்குச் சொந்த மின்சாரமும் கிடைக்கும். முப்பந்தலில் பனைகளினூடே கோபுரங்கள் எழுந்தன. ஆயினும் சலுகை முதலீட்டுக்கே தரப்பட்டதால், காற்றாலை சுழல்வதைவிட மார்ச்சு 31க்குள் நிறுவி முடிப்பதே சிலருக்கு முக்கியமாயிற்று. 2009இல்தான், உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 காசு ஊக்கத்தொகை என்று மைய அரசு மற்றொரு திட்டம் கொணர்ந்தது. நிறுவியதற்குத் தருவதிலும் விளைந்ததற்குத் தருவது மேல் என்பதை உழவர் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி விதி மாறிய கதையைக் காண்போம். 80 விழுக்காடாக இருந்த விரைவுத் தேய்மானச் சலுகை 2012இல் நீக்கப்பட்டது. யூனிட் ஊக்கத்தொகையும் அதே ஆண்டு நின்றது. 2011-12இல் நாடெங்கும் ஏறத்தாழ 3,200 மெகாவாட் காற்றாலைகள் புதிதாக எழுந்தன. மறு ஆண்டில் ஏறத்தாழ 1,700 மட்டுமே. ஊக்கத்தொகை 2013இலும் தேய்மானச் சலுகை 2014இலும் மீண்டன. 2016-17இல் புதிய நிறுவல் 5,500 மெகாவாட்டைத் தொட்டது. 2017இல் ஊக்கத்தொகை முடிந்தது, தேய்மானம் பாதியாயிற்று, ஏல முறையும் வந்தது. மறு ஆண்டு நிறுவல் 1,800க்கும் கீழே சரிந்தது. காற்று இவ்வாண்டுகளில் கூடவுமில்லை, குறையவுமில்லை. சலுகை நிலைத்திருந்தாலும் தொழில் வளர்ந்திருக்கும். அறவே இல்லாதிருந்தாலும் மெல்ல ஊன்றியிருக்கும். நம்பி இறங்கியவரை இரண்டாண்டுக்கொரு முறை திகைக்க வைத்ததே பெருங்கேடு.

சேமிப்பு முறை எனப்படும் ஏற்பாட்டையும் இங்கே விளக்குதல் வேண்டும். தமிழ்நாட்டில் காற்று மிகுவது மே முதல் செப்டம்பர் வரை. ஆலைகளுக்கோ மின்சாரம் ஆண்டு முழுவதும் தேவை. எனவே ஆடியில் உற்பத்தியான யூனிட்டுகளை வாரியத்தின் கம்பிக்குள் விட்டுவிட்டு, மார்கழியில் திரும்பப் பெறலாம் என்று விதி செய்யப்பட்டது. அறுவடை நெல்லைப் பக்கத்து வீட்டுப் பத்தாயத்தில் கொட்டிவைத்துப் பஞ்ச மாதத்தில் எடுத்துக்கொள்வது போன்றது இது. வேறுபாடு ஒன்றுண்டு: மின்சாரத்துக்குப் பத்தாயம் இல்லை. ஆடியில் வந்ததை வாரியம் அன்றே பயன்படுத்தியாக வேண்டும். மார்கழியில் தருவதை வேறெங்கேனும் வாங்கித் தர வேண்டும். விலை வேறுபாட்டின் சுமை வாரியத்தின்மேல், அதன் வழியாக மற்ற நுகர்வோர்மேல் விழுகிறது. சந்தையின் வெற்றி எனப்படும் காற்றாலைத் தொழிலின் முதுகெலும்பு இப்பொது ஏற்பாடே என்பதைச் சந்தையின் பக்தர் மறந்துவிடுகின்றனர்.

அரசின் பக்தர் மறப்பது வேறொன்று. காற்றாலை உரிமையாளரிடம் மின்சாரம் வாங்கிய வாரியம் பணத்தை மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் நிலுவை வைத்தது. 2012இல் கிராமங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்சாரம் நின்றது. அதே ஆண்டுகளில் காற்றடிக்கும் பருவத்தில், கொண்டுசெல்லக் கம்பி போதாமையால், காற்றாலைகளை நிறுத்திவைக்குமாறு சொல்ல நேர்ந்தது. இருளில் அமர்ந்திருந்த மக்களிடம் இதைச் சொன்னால் நம்பியிருக்க மாட்டார்கள். வாரியத்தின் நட்டமும் ஒரே நாளில் வந்ததன்று. மக்களுக்கு அறிவித்த சலுகைகளின் செலவை அரசு முழுமையாக ஈடுசெய்யாததும், தேர்தலை எண்ணிக் கட்டண உயர்வைத் தள்ளிப்போட்டதும், விலை மிகுந்த மின்சாரத்தை வாங்கியதும் சேர்ந்து அதனைக் கடனில் ஆழ்த்தின. 2017 ஜனவரியில் மைய அரசின் மீட்புத் திட்டத்தில் தமிழ்நாடு சேர்ந்தபோது, மின் நிறுவனத்தின் கடனில் ரூ. 22,815 கோடியை மாநில அரசு தன்மேல் ஏற்றுக்கொண்டது. கடன்பட்டவர் வாங்குபவராயின் விற்பவர் விலையைக் கூட்டியே கேட்பார். மேலே கண்ட வட்டிக் கணக்கு இங்கே வந்து நிற்கிறது.

அமெரிக்காவில் தடையற்ற சந்தைக்குப் பெயர்பெற்ற டெக்சாஸ் மாநிலம் காற்றாலைகளில் அந்நாட்டில் முதலிடம் பெற்றதும் இதே படிப்பினையைத் தருகிறது. ஆள் குறைந்த மேற்குப் பகுதியில் வீசும் காற்றை நகரங்களுக்குக் கொண்டுசேர்க்க, ஏறத்தாழ 700 கோடி டாலர் செலவில் மின்பாதைகளை அமைக்க அம்மாநில ஆணையம் 2008இல் முடிவு செய்தது; செலவு எல்லா நுகர்வோர்மேலும் பகிரப்பட்டது. பாதை வந்தது, பின்னர் போட்டி வந்தது. அதே மாநிலத்தில் 2021 பிப்ரவரிக் கடுங்குளிரில் எரிவாயு, நிலக்கரி, காற்று என எல்லா வகை நிலையங்களும் முடங்கி இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். குளிரைத் தாங்கும்படி நிலையங்களைச் செப்பனிட எவரையும் கட்டாயப்படுத்தும் விதி அதற்குமுன் அங்கே இல்லை.

விலையை யார் சொல்வது?

விலை நிர்ணயத்தில் மட்டும் சந்தையின் பக்கமே நான் சாய்கிறேன். காரணம் இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் உள்ளது. அங்கே அதானி குழுமம் 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தை 2016இல் நிறுவிற்று. அதன் மின்சாரத்துக்கு ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆணைப்படி யூனிட்டுக்கு ரூ. 7.01 தருவதாக 2015இல் 25 ஆண்டுக்கு ஒப்பந்தமாயிற்று. அவ்வாண்டு முடிவதற்குள்ளாகவே ஆந்திரத்தில் நடந்த ஏலத்தில் விலை ரூ. 4.63க்கு இறங்கியது. 2017 மே மாதம் இராஜஸ்தானத்துப் பட்லாவில் ரூ. 2.44 ஆயிற்று. தமிழ்நாடே 2017இல் ஏலம் விட்டபோது ரூ. 3.47 விலைக்குப் பெற முடிந்தது. சூரியப் பலகைகளின் விலை சீனத் தொழிற்சாலைகளின் பெருக்கத்தால் மாதந்தோறும் வீழ்ந்துகொண்டிருந்த காலத்தில், அலுவலகத்தில் அமர்ந்து கணக்கிட்ட விலை அச்சேறுமுன்பே பழையதாயிற்று. ஹாயக் சொன்னது இதுதான்.

ஆயினும் அந்த ஏலங்களையும் தடையற்ற சந்தை என்று சொல்லிவிட முடியாது. அவற்றுள் பலவற்றை நடத்தியது இந்திய சூரிய ஆற்றல் கழகம் என்னும் மைய அரசு நிறுவனம். 25 ஆண்டுகள் வாங்குவதாக உறுதி தந்ததும் அதுவே. பணம் தவறாது வரும் என்ற உறுதி இருந்ததால் விலை இறங்கிற்று. காற்றாலை ஏலங்களில் 2017 பிப்ரவரியில் ரூ. 3.46 என்றும், டிசம்பரில் குஜராத்தில் ரூ. 2.43 என்றும் விலை வீழ்ந்தபோது பலரும் மகிழ்ந்தனர். அவ்விலைக்கு எடுத்தவர்களுள் பலர் நிலமும் மின்பாதையும் கிடைக்காமல் காலக்கெடு கடந்தும் கட்டி முடிக்கவில்லை. கட்டாத காற்றாலையின் மலிவு விலையால் யாருக்குப் பயன்?

முற்கால அனுபவம் ஒன்றும் நம் கடற்கரையில் உண்டு. 1991க்குப் பின் தனியார் மின்நிலையங்களை வரவேற்ற மைய அரசு, அவற்றின் முதலுக்கு 16 விழுக்காடு ஆதாயம் உறுதி என்று அறிவித்தது. அக்கொள்கையின் காலத்தில் எழுந்தவற்றுள் ஒன்று தரங்கம்பாடிக்கு அருகே பிள்ளைப்பெருமாள்நல்லூரில் 2001இல் இயங்கத் தொடங்கிய 330 மெகாவாட் நாப்தா, எரிவாயு நிலையம். இத்தகைய ஒப்பந்தங்களில், மின்சாரத்தை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலைக்கட்டணம் செலுத்த வேண்டும். நட்டத்துக்கான வாய்ப்பு முழுவதும் வாங்குபவருக்கு, இலாபம் உறுதியாக விற்பவருக்கு என்று அமைந்த இதனைச் சந்தை என்பதா, அரசு என்பதா? இரண்டின் குறைகளும் சேர்ந்த ஒன்று என்றே கொள்ள வேண்டும்.

படுகை நிலமும் பதவிசு இல்லாத எரிபொருளும்

முப்பந்தலின் இறக்கைகளைச் சுழற்றும் தென்மேற்குப் பருவக்காற்றே குடகு மலையில் மழையாகிக் காவிரியில் இறங்குகிறது. ஆனால் அதே பருவம் படுகைக்குக் கொணர்வது காற்றாலையை அன்று, தண்ணீரை. மரபுப்படி ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்தால் கும்பகோணத்துக் குறுவை பிழைக்கும். ஆகவே படுகையில் ஆற்றல் பற்றிய வினா, வயலின் மேலேயும் கீழேயும் உள்ள நீரைப் பற்றிய வினாவாகவே எழுகிறது.

வயலுக்குக் கீழே எண்ணெயும் எரிவாயுவும் உண்டு. குத்தாலத்திலும் திருமாக்கோட்டையிலும் மின்சார வாரியம் எரிவாயு நிலையங்களை நிறுவியது. கருப்பூரில் தனியார் நிலையம் வந்தது. நிலக்கரியைவிடப் புகை குறைந்தது என்பதால் எரிவாயுவைத் தூய ஆற்றல் என்று அழைப்போரும் உளர். 2010இல் மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்கத் தனியார் நிறுவனம் ஒன்றுக்கு மைய அரசு உரிமை தந்தபோதும் இத்தகைய புகழ்ச்சி கேட்டது. மீத்தேன் வெளிவர வேண்டுமாயின் நிலக்கரி அடுக்கிலுள்ள நீரை முதலில் இறைத்து வெளியேற்ற வேண்டும். நிலத்தடி நீர் தாழ்ந்து, கடல்நீர் உட்புகும் என்று உழவர் அஞ்சினர். இளங்காட்டில் பிறந்த வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று இதனை எதிர்த்துப் பேசினார். அப்பணியின் நடுவிலேயே 2013 டிசம்பர் 30இல் மறைந்தார். 2015இல் மாநில அரசு அத்திட்டத்தை நிராகரித்தது. 2020 பிப்ரவரியில் படுகை மாவட்டங்களைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் நிறைவேறியது. முன்பே இயங்கிவந்த கிணறுகளை அது தொடவில்லை. மூன்றாண்டு கழித்து 2023இல், சட்டம் நடப்பிலிருக்கும்போதே, வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு ஆகிய நிலக்கரித் தொகுதிகள் மைய அரசின் ஏலப் பட்டியலில் இடம்பெற்றன. எதிர்ப்பு எழுந்தபின் ஏப்ரலில் நீக்கப்பட்டன.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. ஏலம் என்பது சந்தையின் கருவி, பட்டியலிட்டது அரசு. எவரும் வயலின் உரிமையாளரையோ அதில் உழைப்பவரையோ முன்கூட்டிக் கேட்கவில்லை. நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைப் பற்றி (1 இராஜாக்கள் 21) பிரசங்கிக்கும்போது நாம் பெரும்பாலும் யேசபேலின் கொடுமைக்கு விரைந்துவிடுகிறோம். ஆகாபின் முதற்பேச்சு நியாயமான வணிகப் பேச்சாகவே இருந்தது: அதனிலும் நல்ல தோட்டம், அல்லது விலைக்கு ஈடான பணம். நாபோத் மறுத்தது விலை போதாது என்பதற்காக அன்று. முன்னோரின் சுதந்தரம் விற்பனைப் பொருளாகாது என்பதற்காக. சந்தையின் வழி அடைபட்டபின் முத்திரையிட்ட நிருபம், மூப்பர் அவை, இரண்டு சாட்சிகள் என எல்லாம் சட்டத்தின் உருவில் வந்தன. விலையும் ஆணையும் ஒரே மாளிகையிலிருந்து புறப்பட்டதை வேத ஆசிரியர் மறைக்கவில்லை.

வயலுக்கு மேலே தண்ணீர் இறைக்கும் மோட்டார் நிற்கிறது. வாய்க்காலில் நீர் வாராத நாள்களில் வடிமுனைக் குழாய்க் கிணறு, மக்கள் வழக்கில் பில்டர்பாயிண்ட், குறுவையைக் காக்கிறது. பம்புசெட் மின்சாரம் இந்நாட்டில் இரத்தம் சிந்திப் பெற்றது. 1970 ஜூனில் பெருமாநல்லூரில் மின்கட்டண உயர்வை எதிர்த்த உழவர் மூவர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். 1972இல் மேலும் பலர் மாண்டனர். சிறு விவசாயிகளுக்கு 1984இலும், எல்லா விவசாயிகளுக்கும் 1990ஐ ஒட்டியும் இலவச மின்சாரம் வந்தது. 2003இல் நிறுத்தப்பட்டு 2004 தேர்தலுக்குப் பின் மீண்டது. இன்று 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் உள்ளன. பொருளியலார் இதனைக் கண்டிப்பது எளிது: விலையில்லாத பொருள் வீணாகும், நீர்மட்டம் தாழும், வாரியம் கடனில் மூழ்கும். இவை மெய்யே. ஆயினும் நெல்லின் விலையை அரசே நிர்ணயித்து அரசே கொள்முதல் செய்யும் பகுதியில், இடுபொருளை மட்டும் சந்தை விலைக்கு வாங்கு என்று உழவனிடம் சொல்வது நேர்மையாகாது.

நடுவழி ஒன்றைக் குஜராத்தின் கேடா மாவட்டத்துத் துண்டி என்னும் சிற்றூர் காட்டியது. அங்கே 2016இல் உழவர் சிலர் சூரிய பம்புசெட்டுகளை இணைத்துக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். இறைத்ததுபோக எஞ்சும் மின்சாரத்தை யூனிட்டுக்கு ரூ. 4.63 என்று 25 ஆண்டுகளுக்கு மின்நிறுவனம் வாங்க ஒப்பந்தமாயிற்று. தண்ணீரை வீணாக இறைப்பவருக்கு விற்பனை இழப்பு. சிக்கனமாக இறைப்பவருக்கு வருமானம். கட்டணம் விதிக்காமலே நீருக்கு விலை உண்டாயிற்று. கருவிக்கு மானியம் தந்தது பொதுப்பணம், இறைப்பதா விற்பதா என்று முடிவு செய்தவர் உழவர், இரண்டையும் தாங்கியது நீண்டகால வாக்குறுதி. 2019இல் தொடங்கிய மைய அரசின் குசும் திட்டத்தில் இத்தகைய இணைப்புக்கு இடமுண்டு. தமிழ்நாட்டில் தனித்து இயங்கும் சூரிய பம்புசெட்டுகளே மிகுதியாகப் பேசப்படுகின்றன. கம்பியோடு இணையாத சூரிய பம்புசெட், மேகமில்லாத நாளெல்லாம் செலவின்றி இறைத்துக்கொண்டே இருக்கும் என்பதை நீரைப் பற்றிக் கவலைப்படுவோர் எண்ணிப்பார்க்க வேண்டும்.

இம்மானியத்துக்கு விண்ணப்பிக்கச் சிட்டாவும் அடங்கலும் வேண்டும். வங்கிக் கடனுக்கும் நிலத்தின் ஆவணம் வேண்டும். படுகையின் இடர்ப்பாடு இங்கேதான் உள்ளது. கும்பகோணம், திருவிடைமருதூர், மயிலாடுதுறை வட்டாரங்களில் கோயிலுக்கும் மடத்துக்கும் உரிய நிலம் மிகுதி. சில ஊர்களில் மிஷன் நிலங்களும் உண்டு. அவற்றில் உழுபவர் குத்தகையாளர். 1952இன் தஞ்சை சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் 1969ஆம் ஆண்டுச் சட்டமும் அவர்களுக்காகவே வந்தன. ஆயினும் வாய்மொழிக் குத்தகை ஒழியவில்லை. பெயர் பதிவேட்டில் இல்லாதவர் இலவச மின் இணைப்புக்கு நிலவுடைமையாளரின் இசைவைக் கேட்டு நிற்க வேண்டும். இசைவு தந்தால் குத்தகை உரிமை உறுதிப்பட்டுவிடுமோ என்று உடைமையாளர் தயங்குவார். அரசின் மானியமும் எட்டாது, சந்தையின் கடனும் எட்டாது. அவர் டீசல் எஞ்சினை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து இறைக்கிறார். டீசல் விலைக்கு இருந்த அரசுக் கட்டுப்பாடு 2014 அக்டோபரில் நீக்கப்பட்டுவிட்டது.

அறிவிக்கப்படும் எந்தத் தூய ஆற்றல் திட்டத்தையும் இவரை வைத்தே நான் அளக்க விரும்புகிறேன். நம் சபைகளில் இத்தகையோர் பலர் உளர். அவர்களுள் சிலர் திருச்சபையின் சொந்த நிலத்திலேயே உழுகின்றனர். அந்நிலங்களின் குத்தகையை எழுத்தில் கொடுத்து, 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி வட்டாட்சியர் நிலையில் பதிவு செய்விப்பதும், மின் இணைப்புக்கும் சூரிய பம்புசெட்டுக்கும் இசைவுக் கடிதம் தருவதும் சொத்துக் குழுக்களின் கையில் உள்ளன. இதற்குப் புதிய சட்டமும் வேண்டியதில்லை, ஏலமும் வேண்டியதில்லை. வரும் குறுவைக்கு முன் எந்தெந்தச் சேகரத்தில் எத்தனை குத்தகைகள் எழுத்தில் இல்லை என்று கணக்கெடுப்பது முதல் வேலையாக இருக்கலாம்.